‘பாடம் கற்றுக்கொண்டோம்’ என்றால் என்ன? நிபா வைரஸை வைத்து ஓர் எளிய விளக்கம்

ஒரு தொற்றுநோய் வந்து ஓய்ந்ததும் தவறாமல் காதில் விழும் வாக்கியம், “இதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டோம்.” அமைச்சர் சொல்வார், அதிகாரி சொல்வார், தலையங்கம் எழுதுபவர் கேள்விக்குறி போட்டு “கற்றோமா?” என்பார். என்ன பாடம், யார் கற்றார், கற்றதை எங்கே வைத்திருக்கிறார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்காததால் ஆளுக்கொரு அர்த்தம் வைத்துக்கொண்டிருக்கிறோம். யார் மேல் தப்பு என்று கண்டுபிடிப்பதுதான் பாடம் என்பது சிலருடைய எண்ணம். போன தடவை செய்ததையே இந்தத் தடவையும் செய்தால் போதும் என்பார்கள் வேறு சிலர். “கேரளத்தில் பதினேழு பேர்தானே செத்தார்கள், அதற்கா இவ்வளவு அமர்க்களம்?” என்று கேட்பவர்களும் உண்டு. இந்த மூன்றும் ஏன் சரியில்லை என்று பார்க்க நிபா வைரஸைப் போல வசதியான உதாரணம் கிடைக்காது. அது கால் நூற்றாண்டாக வெவ்வேறு ஊர்களில் தலைகாட்டி வருகிறது. ஒரே மாதிரி கேள்வியை வேறு வேறு மாணவர்களிடம் கேட்டுப் பார்ப்பது போல.

பால் பொங்கிய வீடு

முதலில் அடுப்படிக்குப் போவோம். பால் பொங்கி வழிந்துவிட்டது. அடுப்பைத் துடைத்துக்கொண்டே, “நாளையிலிருந்து பக்கத்திலேயே நிற்கணும்” என்று நினைத்துக்கொள்கிறோம். நாலு நாள் நிற்கவும் செய்கிறோம். ஐந்தாம் நாள் போன் வரும், பால் மறுபடி வழியும்.

பக்கத்து வீட்டிலும் அதேதான் நடந்தது. அவர்கள் விசிலடிக்கும் பால் குக்கர் ஒன்று வாங்கிவிட்டார்கள். இனி அந்த வீட்டில் யார் பால் காய்ச்சினாலும், முந்தாநாள் ஊரிலிருந்து வந்த அத்தை காய்ச்சினாலும்கூட, விசில் அடிக்கும். பால் பொங்கிய கதை அத்தைக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

பொது சுகாதாரத்தில் பாடம் என்பதற்கு இதுவே பொருள். ஒருவர் பட்ட அனுபவம், அவர் இல்லாதபோதும் தானாக வேலை செய்யும் ஏற்பாடாக மாறியிருக்க வேண்டும். மனத்தில் இருக்கும்வரை அது தீர்மானம் மட்டுமே. நம் புத்தாண்டுத் தீர்மானங்களின் ஆயுள் நமக்கே தெரியும்.

மலேசியா: பழைய பாடம் கண்ணை மறைத்த கதை

1998 செப்டம்பரில் மலேசியாவின் ஈப்போ பக்கத்தில் பன்றிப் பண்ணைக்காரர்களுக்குக் காய்ச்சலும் மூளைவீக்கமும் வரத் தொடங்கின. மூளைவீக்கம் என்றால் தொற்றினால் மூளைத் திசு வீங்குவது. தலைவலி, குழப்பம், வலிப்பு என்று போய் மயக்கத்தில் முடியும்.

மூளைவீக்கம், பக்கத்தில் பன்றி. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எந்த மருத்துவ மாணவரும் ‘ஜப்பானிய மூளைக்காய்ச்சல்’ என்றுதான் சொல்வார். கொசு மூலம் பரவும் அந்த நோயின் கிருமி பெருகும் பண்ணை பன்றிதான். சில நோயாளிகளின் ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான் காட்டியது. ஆகவே கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். எல்லாம் பாடப்புத்தகப்படி. நோய் நிற்கவில்லை.

பொருந்தாத விஷயங்கள் கண்ணெதிரே இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே படுத்தவர்களோ வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது. கொசு ஆள் பார்த்துக் கடிக்காது, ஆனால் நோயோ பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களையே தேடிப் பிடித்தது. பன்றிகளும் பலமாக இருமின.

1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவா காவ் பிங் புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். மாதிரியின் சொந்தக்காரர் சுங்கை நிபா என்ற கிராமத்தவர், அதனால் வைரஸுக்கும் அந்தப் பெயர். நிபா என்பது மலாய் மொழியில் ஒரு பனை வகை. பாவம் அந்த மரம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வைரஸின் சொந்த வீடு பழந்தின்னி வௌவால். அது கடித்துப் போட்ட பழம் தொழுவத்தில் விழ, பன்றி தின்றது. பன்றியிடமிருந்து மனிதருக்கு வந்தது. இப்படி ஒரு கிருமி விலங்கிடமிருந்து மனிதருக்கு வருவதைத் ‘தாவல்’ என்பார்கள். பயந்துபோன பண்ணைக்காரர்கள் பன்றிகளை விற்றுவிட்டு நகர்ந்ததில் நோயும் வண்டியேறி நெகிரி செம்பிலான் மாநிலம் வரை போனது. முடிவில் 265 பேருக்கு நோய், 105 பேர் இறப்பு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிப்பு.

மலேசியா அதற்குப் பிறகு செய்ததுதான் பால் குக்கர் வேலை. பழத்தோட்டத்தையும் பன்றித் தொழுவத்தையும் ஒன்றாக வைக்கும் பழக்கத்தை விட்டார்கள். 1999-க்குப் பின் அங்கே மனிதருக்கு நிபா வந்ததில்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். பாடம் என்பது ஏற்பாடாக மாறிய அனுபவம். ஆனால் போன நோயில் கற்றது இந்த நோயில் தவறான பக்கம் கைகாட்டவும் செய்யும். கற்றது பொருந்துகிறதா என்று சரிபார்ப்பதும் பாடத்தில் சேர்த்தி.

சிலிகுரி: பெயர் கிடைக்க ஐந்து வருடம்

2001 ஜனவரி, பிப்ரவரியில் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் காரணம் தெரியாத காய்ச்சல். 66 பேருக்கு வந்து 45 பேர் இறந்தார்கள். இங்கே பன்றி இல்லை. நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் மருத்துவமனை ஊழியர்கள், அல்லது மருத்துவமனைக்கு வந்து போனவர்கள். மனிதரிடமிருந்து மனிதருக்கு, அதுவும் மருத்துவமனைக்குள்ளேயே, இந்த நோய் பரவும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் அது நிபா என்று அப்போது தெரியாது. பின்னால் மாதிரிகளை ஆராய்ந்து, 2006-ல்தான் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. கட்டுரை வந்தது, சரி. ஒரு தாலுகா மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்கும் நர்ஸ் ஆங்கில ஆய்விதழைப் படித்துக்கொண்டிருப்பாரா? ஆய்விதழில் எழுதியது அவர் கைக்கு முகக்கவசமாகவும் கையுறையாகவும் வந்து சேர வேண்டும். அந்த வழி நீளமானது. இடையில் எங்கே வேண்டுமானாலும் அறுந்துபோகும்.

கோழிக்கோடு 2018: ஒரு நடைவழி

2018 மே மாதத் தொடக்கம். கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பக்கத்தில் ஓர் இளைஞருக்குக் காய்ச்சல். தாலுகா மருத்துவமனையில் சேர்த்தார்கள், அங்கிருந்து கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்கு. மே 5 அன்று அங்கே ஸ்கேன் எடுக்கக் காத்திருந்த நடைவழியை நினைத்துப் பாருங்கள். நம்மூர்ப் பெரிய ஆஸ்பத்திரி எதிலும் பார்க்கும் காட்சிதான். ஸ்ட்ரெச்சர்கள் ஓரமாக, கூட வந்தவர்கள் சுவரோடு சுவராக, யாரோ ஒருவர் விடாமல் இருமிக்கொண்டு. அன்றே அவர் இறந்தார். பின்னால் நோய்வாய்ப்பட்ட பலரையும் விசாரித்தபோது, அந்த நாளில் அந்த நடைவழியில் இருந்தவர்கள் என்று தெரிந்தது. அவரைத் தாலுகா மருத்துவமனையில் கவனித்துக்கொண்ட நர்ஸ் லினி மே 21 அன்று இறந்தார்.

அந்த இளைஞர் இறந்தபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை, வர வாய்ப்பும் குறைவு. மூளைக்காய்ச்சல் இறப்பு என்பது இந்தியாவில் அபூர்வம் இல்லை. இரண்டு வாரத்துக்குள் அவருடைய தம்பியோ அண்ணனோ அதே மாதிரி படுத்தால்தான் மணி அடிக்கும். அப்படித்தான் அடித்தது. மே 17 அன்று சகோதரர் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்தபோது, ஒரே வீட்டில் இரண்டாவது என்பதை மருத்துவர் அனூப் குமாரும் உடனிருந்தவர்களும் கவனித்தார்கள். மாதிரி மணிப்பாலில் அருண்குமார் தலைமையில் இயங்கிய வைரஸ் ஆய்வு மையத்துக்குப் போனது. மே 20 அன்று புனேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் நிபா என்று உறுதிசெய்தது.

தேதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். முதல் இறப்பு மே 5, முதல் சந்தேகம் மே 17, உறுதி மே 20. ஒரு நோய்ப்பரவல் முடிந்ததும் வல்லுநர்கள் செய்யும் முதல் வேலை இந்தத் தேதிப் பட்டியல்தான். யார் தப்பு என்று தேடுவதில்லை. எந்த இரண்டு தேதிக்கு நடுவே நாள் வீணானது, ஏன் வீணானது என்று தேடுகிறார்கள். உலக அளவில் 2021-லிருந்து பேசப்படும் ஓர் இலக்கு ‘7-1-7’. நோய் தலைகாட்டி 7 நாளில் கண்டுபிடி, 1 நாளில் மேலிடத்துக்குச் சொல், அடுத்த 7 நாளில் முதற்கட்டத் தடுப்பு வேலைகளை முடி. ஆளைத் திட்டுவதைவிட இந்த எண்ணை வைத்துப் பேசுவது பல மடங்கு பயனுள்ளது. திட்டு வாங்கும் ஊழியர் அடுத்த தடவை சந்தேகத்தை வெளியே சொல்லத் தயங்குவார். தயக்கம் ஒரு நாள் என்றால் நோய்க்கு ஒரு நாள் லாபம்.

கரண்ட் பில் மாதிரி

தேதிகள் ஏன் இவ்வளவு முக்கியம்? நம் வீட்டு மின்கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று கைக்கு வரும் பில், கடந்த இரண்டு மாதம் ஓடிய ஏசிக்கு. பில்லைப் பார்த்துப் பதறி இன்று ஏசியை நிறுத்தினாலும் இந்தத் தொகை குறையாது.

நோயிலும் அப்படித்தான். கிருமி உடலில் நுழைந்த நாளுக்கும் முதல் அறிகுறி தெரியும் நாளுக்கும் நடுவே உள்ள இடைவெளி ‘நோயரும்பு காலம்’. நிபாவுக்கு அது பெரும்பாலும் 4 முதல் 14 நாள். மே 5-ல் தொற்றியவர் மே 15 வாக்கில்தான் படுப்பார். அதாவது இன்று மருத்துவமனையில் பார்க்கும் கூட்டம் இரண்டு வாரத்துக்கு முந்தைய புகைப்படம்.

இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும். தடுப்பு வேலை தொடங்கிய பிறகும் பத்துப் பதினைந்து நாள் நோயாளிகள் கூடிக்கொண்டே போவார்கள். “எல்லாம் செய்தும் கூடுகிறதே” என்பார்கள். அப்புறம் சட்டென்று குறையும். “அதுவாகவே போய்விட்டது” என்பார்கள். பில் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான்.

சராசரி செய்யும் மோசடி

கோவிட் காலத்தில் ‘ஆர் எண்’ என்று கேட்டிருப்பீர்கள். ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்ற வைக்கிறார் என்பதே அது. ஒன்றுக்கு மேல் இருந்தால் நோய் பெருகும், கீழே இருந்தால் தேயும். வங்கதேசத்தில் பல வருட நிபா நோயாளிகளை வைத்துக் கணக்கிட்டபோது கிடைத்தது 0.33. மூன்று நோயாளிகள் சேர்ந்து ஒருவருக்குக் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியென்றால் தானாகவே அணைந்துபோகும் நோய்தானே, ஏன் பயம்?

ஒரு தெருவில் பத்து வீடு. ஒன்பது வீட்டுக்கு இன்று விருந்தாளியே இல்லை. பத்தாவது வீட்டில் கல்யாணம், முந்நூறு பேர். சராசரியாக வீட்டுக்கு முப்பது பேர். இந்தச் சராசரியை நம்பி ஒவ்வொரு வீட்டிலும் முப்பது இலை போட்டால் என்ன ஆகும்? நிபாவும் இப்படித்தான். பெரும்பாலான நோயாளிகள் யாருக்கும் கொடுப்பதில்லை. ஒருவர் பத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார். 2018-ல் நோயுற்றவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஒரே இளைஞரிடமிருந்து வந்தது.

அந்தக் கல்யாண வீடு எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே ஊகிக்கலாம் என்பதுதான் நல்ல செய்தி. நோய் முற்றி, இருமலோடு, மருத்துவமனையில் நெருக்கடியான இடத்தில் இருப்பவரைச் சுற்றித்தான். சிலிகுரியும் இதைத்தான் சொன்னது, கோழிக்கோடும் இதைத்தான் சொன்னது. எனக்குத் தெரிந்து இதற்கான தீர்வுதான் இந்தக் கதையிலேயே மலிவானது. இருமலோடு வருபவருக்கு வாசலிலேயே முகக்கவசம் கொடுத்து, வேறு இடத்தில் உட்கார வைப்பது. கோடிக்கணக்கில் கருவி வாங்குவதைவிட இது கடினமாக இருப்பது ஏன் என்று யோசித்தால், கருவிக்குத் திறப்பு விழா உண்டு, காற்றோட்டமான காத்திருப்பு அறைக்கு இல்லை.

சுருக்கிச் சொன்னால், நாம் பார்க்கும் எண்ணிக்கை பழையது, சராசரி பாதி உண்மை. அதனால் பரவல் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் குறிவைப்பதே வழி.

பட்டியல் போடும் வேலை

மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை. நிபாவுக்கு இன்றுவரை அங்கீகாரம் பெற்றது இரண்டுமே கிடையாது. பிறகு எதை வைத்து நிறுத்தினார்கள்? நோட்டும் பேனாவும் தொலைபேசியும்.

நோயாளியோடு பழகிய ஒவ்வொருவரையும் கண்டுபிடித்துப் பட்டியலிடுவது ‘தொடர்பு தேடல்’. நோயாளியை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைப்பது ‘தனிமைச் சிகிச்சை’. இன்னும் நோய் வராத, ஆனால் தொற்றியிருக்கக்கூடியவரை வீட்டிலேயே ஒதுங்கி இருக்கச் சொல்வது ‘கண்காணிப்புத் தனிமை’. பேச்சில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறோம். முன்னவர் நோயாளி, பின்னவர் இப்போதைக்கு நம்மைப் போல ஆரோக்கியமானவர். அவரைக் குற்றவாளி மாதிரி பார்த்தால் அடுத்தவர் தன் பெயரைச் சொல்ல மாட்டார், பட்டியலில் ஓட்டை விழும்.

2018-ல் கேரளத்தில் ஆய்வகத்தில் உறுதியானவர்கள் 18 பேர். அவர்களைச் சுற்றிய பட்டியலில் 2,600-க்கும் மேற்பட்ட பெயர்கள். ஒவ்வொருவரையும் 21 நாள் கவனித்தார்கள். நாளுக்கு ஒரு அழைப்பு என்று வைத்தாலே ஐம்பதாயிரத்தைத் தாண்டும். “காய்ச்சல் இருக்கா? அரிசி பருப்பு இருக்கா?” என்று ஐம்பதாயிரம் தடவை. ஜூன் தொடக்கத்தோடு நோய் நின்றது. அந்த 18 பேரில் பிழைத்தது இருவர் மட்டுமே.

கவனித்தீர்களா, முதலில் இறந்த இளைஞர் இந்த 18-ல் இல்லை. அவரிடமிருந்து எடுத்த மாதிரி எதுவும் மிச்சமில்லை. அதனால் அவர் ஏடுகளில் ‘சாத்தியமுள்ள நோயாளி’தான். அதிகாரபூர்வ இறப்புக் கணக்கு 17 ஆனது அவரையும் சேர்த்துத்தான்.

எந்தப் பாடம் எந்த ஊருக்கு?

வங்கதேசத்தில் நிபா பெரும்பாலும் குளிர்காலத்தில் வருகிறது. காரணம், ஈச்சம்பனைச் சாறு. நம்மூர்ப் பதநீர்க் கலயம் போலவே மரத்தில் இரவு முழுக்கப் பானை தொங்கும். வௌவால் வந்து நக்கும், சிறுநீர் கழிக்கும். விடிந்ததும் பச்சையாகக் குடிப்பவருக்குத் தொற்று. மூங்கில் தட்டி கட்டி வௌவாலைத் தடுக்கலாம். காய்ச்சி வெல்லமாக்கினால் கிருமி செத்துவிடும்.

இந்தத் தகவல் 2018-ல் வாட்ஸ்அப்பில் ஏறி, கேரளத்துப் பழம் எதையும் தொடாதே என்று ஆகி, நம் பக்கத்துக் குடும்பக் குழுக்களுக்கும் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு சீப்பு நேந்திரன் யாரும் தொடாமல் கறுத்துப்போனது நினைவிருக்கிறது. கேரளத்தில் அந்த முதல் இளைஞருக்கு எப்படித் தொற்றியது என்பது கடைசிவரை நிரூபணமாகவில்லை. வீட்டுக் கிணற்றில் பிடித்த பூச்சி தின்னும் வௌவால்களில் வைரஸ் இல்லை. பின்னால் அந்தப் பகுதியில் பிடித்த பழந்தின்னிகளில் இருந்தது. வங்கதேசத்தின் சாற்றுப் பாடம் அந்த ஊருக்கானது. மருத்துவமனைப் பாடம் எல்லா ஊருக்குமானது. இதைப் பிரிக்கத் தெரியாவிட்டால் வாழைப்பழத்தைத் தூக்கி எறிந்துவிட்டு நெரிசலான நடைவழியில் போய் உட்காருவோம்.

மறுதேர்வுகள்

கேரளத்துக்கு மறுதேர்வு சீக்கிரமே வந்தது. 2019-ல் எர்ணாகுளத்தில் ஒரு மாணவர், பிழைத்தார். 2021-ல் கோழிக்கோட்டில் 12 வயதுச் சிறுவன். ஆகஸ்ட் 29-ல் காய்ச்சல், செப்டம்பர் 4-ல் நிபா என்று முடிவு, மறுநாள் அதிகாலையில் இறந்தான். காய்ச்சல் தொடங்கி ஆறு நாளில் பெயர் தெரிந்துவிட்டது. இரண்டு தடவையும் வேறு யாருக்கும் பரவவில்லை.

இதைத் திறமை என்று முழுசாக எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆர் எண் 0.33 என்றால் தனி நோயாளி யாருக்கும் கொடுக்காமல் போவதுதான் சகஜம். அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தச் சிறுவன் கல்யாண வீடாக இருந்திருந்தால், ஆறாம் நாள் தெரிவதற்கும் பதினைந்தாம் நாள் தெரிவதற்கும் வித்தியாசம் ஒரு நடைவழி அளவு. “ஒன்றும் ஆகவில்லையே” என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டுவது கஷ்டம். நடக்காமல் போன இறப்புக்குப் பெயர், ஊர், புகைப்படம் எதுவும் இல்லை.

2023-ல் மறுபடி கோழிக்கோடு, மறுபடி முதல் நோயாளி யார் கண்ணிலும் படவில்லை. ஆகஸ்ட் 30-ல் அவர் இறந்தபோது நிபா பரிசோதனை நடக்கவில்லை. செப்டம்பர் 11-ல் இரண்டாமவர் இறந்த பிறகுதான், முந்தையவரின் குடும்பத்திலும் காய்ச்சல் என்பதைச் சேர்த்துப் பார்த்து 12-ல் உறுதியானது. ஐந்து வருடப் பயிற்சிக்குப் பிறகும் முதல் ஆளைப் பிடிப்பது இவ்வளவு கஷ்டம். அதன் பிறகு வேகம். சிசிடிவி காட்சிகளை ஓட்டிப் பார்த்து யார் யார் பக்கத்தில் நின்றார்கள் என்று எடுத்தார்கள். நடமாடும் ஆய்வகம் வந்தது. மொத்தம் 6 பேருக்கு நோய், இரண்டு பேர் இறப்பு. வென்டிலேட்டரில் இருந்த ஒன்பது வயதுச் சிறுவன் உட்பட நான்கு பேர் பிழைத்தார்கள். கடைசி நோயாளிக்குப் பின் 42 நாள், அதாவது கண்காணிப்புக் காலத்தைப் போல இரண்டு மடங்கு, காத்திருந்துதான் முடிந்தது என்றார்கள்.

முதலில் இறந்தவர் இந்தத் தடவை ‘சாத்தியமுள்ள நோயாளி’யாக நிற்கவில்லை. அவர் சிகிச்சை பெற்ற மருத்துவமனையில், தொண்டையில் எடுத்த மாதிரி ஒன்றை எறியாமல் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். அவர் இறந்து இரண்டு வாரத்துக்குப் பிறகு அதைச் சோதித்தபோது நிபா இருந்தது.